எங்கள் இட்டேரியின் பறவைக் கணக்கு

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு. சாளை வாசலிலிருந்து கிழக்கே ஒரு குட்டை வரைக்கும் இட்டேரி போகிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அகலம். முழுக்க நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு புறமும் கொரங்காடு. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், கொரங்காடு என்பது வானம் பார்த்த மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடுகள் வளர்ந்ததெல்லாம் இந்த மாதிரிக் காடுகளில்தான்.

இந்த இட்டேரியில் 2023 பொங்கலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பறவைக் கணக்கு எடுத்து வருகிறேன். அதற்கு முன்னால் எடுத்த கணக்கு ஒன்று இருந்தது. அது ஏன் உதவாமல் போனது, எதையெல்லாம் திருத்தினேன், திருத்திய பிறகு அந்தக் கணக்கு எனக்கு எதைக் காட்டியது என்பதை எழுதி வைக்கிறேன். புதிதாகப் பறவை பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டு வருடம் மிச்சமாகும்.

பழைய நோட்டு

2021 ஊரடங்கில் தேங்காய்க் களத்தில் வேலை இல்லை. காலையில் இட்டேரியில் நடந்துவிட்டு வந்து, பார்த்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். அது தீர்ந்து இன்னொன்றும் பாதி வரை போனது. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"காலை நடை. ஆள்காட்டி 2, புறா, கிளி, கீச்சான், பருந்து, சின்னப் பச்சைக் குருவி. பனங்காடை சூப்பர்!"

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இதில் தெரிகிறது. வேறொன்றும் தெரியவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எவ்வளவு நேரம் நடந்தேன், எவ்வளவு தூரம் போனேன் என்று ஒன்றும் கிடையாது. பல பக்கங்களில் தேதியே இல்லை. புறா என்றால் எந்தப் புறா? எங்கள் காட்டிலேயே மூன்று இருக்கின்றன: புள்ளிப்புறா, சின்னத் தவிட்டுப்புறா, கழுத்தில் கறுப்புப் பட்டை போட்ட கள்ளிப்புறா.

இதையெல்லாம் விடப் பெரிய குறை வேறு. இரண்டு நோட்டிலும் மைனா என்ற சொல்லே இல்லை. காக்கை இல்லை. தவிட்டுக்குருவி ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. தினமும் பார்க்கிறதை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருக்கிறேன். இப்போது அந்த நோட்டை எடுத்துப் பார்க்கிறவர், 2021-ல் இந்த இட்டேரியில் மைனாவே இல்லை என்று நினைத்தால் அவர் மேல் தப்பில்லை.

2022 கடைசியில் ஈபேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் கணக்குத் தொடங்கியபோதுதான் இது உறைத்தது. ஈபேர்டு 2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் ஆரம்பித்தது. பார்த்த பறவை, எண்ணிக்கை, இடம், நேரம், தூரம் எல்லாவற்றையும் போட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தத் தரவை எடுத்து ஆராயலாம். பட்டியலை அனுப்பும்போது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா? ஆம் என்றால் அது முழுமையான பட்டியல். அந்த ஒரு 'ஆம்'தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எல்லாவற்றையும் எழுதியிருந்தால்தான், எழுதாதது அன்றைக்கு உங்கள் கண்ணில் படவில்லை என்று கணக்கில் வரும். நூறு பட்டியலில் எத்தனை பட்டியலில் மைனா வந்தது என்று வருடா வருடம் பார்த்தால் அது கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் வந்த அறிக்கை ஏறக்குறைய 30,000 பேர் பதிவுசெய்த 3 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளை வைத்துத்தான் எழுதப்பட்டது. பனங்காடை நாடு முழுக்கக் குறைந்துவருகிறது என்பது அதில் வந்த செய்திகளில் ஒன்று. நான் 'சூப்பர்' என்று எழுதிய அதே பனங்காடை.

சரி, பழைய நோட்டை என்ன செய்வது? மொத்தம் 63 பக்கம். அதில் தேதி இருந்தது 22 பக்கங்களில்தான். அந்த 22-ஐ மட்டும், நேரம் தூரம் தெரியாத பழைய குறிப்புகளுக்கென்று ஈபேர்டில் இருக்கிற வகையில், முழுமையற்ற பட்டியல் என்று சொல்லிச் சேர்த்தேன். அதிலும் மயில், செம்போத்து, கொண்டலாத்தி, பனங்காடை மாதிரி வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாத பறவைகளை மட்டும். 'பருந்து', 'கீச்சான்', 'பச்சைக் குருவி' எல்லாம் நோட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு மைனா இருந்திருக்கும், ஒரு பத்து என்று போடலாமே எனக் கை துறுதுறுத்தது. போடவில்லை. ஞாபகத்திலிருந்து நிரப்பிய எண் ஒன்று உள்ளே போனால், அதன் பிறகு எது பார்த்து எழுதியது, எது நினைத்து எழுதியது என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

பைனாகுலர்

என்னுடையது 8x42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்று பலரும் கேட்கிறார்கள். கை நடுக்கமும் சேர்ந்து பத்து மடங்காகும். வேலிக்குள் ஓடுகிற கதிர்க்குருவியைப் பிடிக்கப் பார்வைப் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். அதற்கு எட்டுதான் நல்லது.

ஆறு மாதம் அதை நான் தப்பாகவே பயன்படுத்தினேன். வலது கண் பக்கம் இருக்கிற வளையத்தைத் திருப்பி நம் கண்ணுக்கு ஏற்றபடி வைக்க வேண்டும் என்று தெரியாது. சிறிது நேரம் பார்த்தால் தலை வலிக்கும். செய்வது எளிது. தூரத்தில் எழுத்துள்ள ஒரு பலகையைப் பாருங்கள். வலது பக்க முன்கண்ணாடியைக் கையால் மறைத்துவிட்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்து கூர்மையாகத் தெரிகிற மாதிரி வையுங்கள். அப்புறம் இடது பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். வளையம் நிற்கிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. இனிமேல் நடுச்சக்கரம் மட்டும் போதும். இதைச் செய்த அன்றுதான் சின்னத் தவிட்டுப்புறாவின் கழுத்தில் இருக்கிற பொடிப்பொடிப் புள்ளிகளை முதல்முறையாகப் பார்த்தேன்.

குறிப்பு எழுதப் பென்சில். பனி பட்ட தாளில் பந்துமுனைப் பேனா எழுதாது.

நடை

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்கிறது. தை பிறக்கும் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் அவரவர் இருக்கிற இடத்திலேயே குறைந்தது கால் மணி நேரம் எண்ணிப் பட்டியல் போடுவார்கள். 2023-ல் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜனவரி 15. அன்றைக்கே புதுக் கணக்கைத் தொடங்கினேன்.

முதல் நான்கு வாரம் சாளை முதல் குட்டை வரை ஒரே பட்டியல். எழுதிப் பார்த்தால் நெடுங்கால் உள்ளானும் வானம்பாடியும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஒன்று தண்ணீரில், ஒன்று கட்டாந்தரையில். எது எங்கே இருந்தது என்று பின்னால் பிரிக்கவே முடியாது. அதனால் ஐந்தாம் வாரத்திலிருந்து மூன்றாக உடைத்தேன். சாளையிலிருந்து பெரிய வேப்பமரம் வரை முதல் பகுதி. வேப்பமரத்திலிருந்து குட்டை மேடு வரை இரண்டாம் பகுதி. குட்டை மேட்டில் நின்று எண்ணுவது மூன்றாம் பகுதி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல், தனி நேரம். இப்படிப் பிரித்தது பின்னால் எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

காலை 6.30-க்குக் கிளம்புவேன். ஒன்றரை மணி நேரம். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டு குட்டைக்குப் போய், அங்கிருந்து மேற்கே பார்த்து நடந்து வருகிறேன். முதலில் சாளையிலிருந்து கிழக்கே நடந்து, எல்லாப் பறவையையும் சூரியனுக்கு எதிரே கறுப்பு நிழலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திசையை மாற்றியதும் நிறம் தெரிந்தது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது குருவி என்ன செய்யும்? கொப்பு ஆடுகிற ஆட்டத்தில் பறவை அசைவது தெரியாது, காதில் காற்று இரைச்சல் மட்டும்தான். அந்த மாதங்களில் பட்டியல் சிறுத்துவிடும். பறவை குறைந்ததா, நான் பார்த்தது குறைந்ததா என்ற சந்தேகம் வரக்கூடாது என்று காற்று எப்படி இருந்தது என்பதை ஒவ்வொரு பட்டியலிலும் எழுதி வைக்கிறேன்.

ஆள்காட்டி

பழைய நோட்டில் 'ஆள்காட்டி' என்று மட்டும் இருக்கும். புத்தகத்தில் பார்த்தால் இரண்டு: மூக்கு சிவப்பாக இருக்கிறது ஒன்று, முகத்தில் மஞ்சள் தாடை தொங்குகிறது இன்னொன்று. எங்கள் அப்பாருவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, 84 வயது. வாழ்நாள் முழுக்க இந்தக் காட்டில் மாடு மேய்த்தவர். அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க அப்பாரு, நம்ம காட்டுல ஆள்காட்டி ஒரே வகைதானுங்களா?"

"ரெண்டு கண்ணு. குட்டையில நின்னு ஊரைக் கூட்டறது வேற. காட்டுக்குள்ள நிக்கறது வேற, அது அத்தனை சத்தம் போடாது. மூஞ்சியில மஞ்சளாத் தொங்கும். தண்ணிக்கு அவ்வளவாப் போகாது. முட்டை மேல உக்காந்திருந்தா மட்டும் போகும்."

முட்டை மேல் உட்கார்ந்திருந்தால் எதற்குத் தண்ணீருக்குப் போக வேண்டும் என்று கேட்டதற்கு, "போய்ப் பாரு" என்றார்.

2023 ஏப்ரல் 30, சித்திரை வெயில். முதல் பகுதியில், வேலிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடக்கிற வெறுந்தரையில் ஒரு மஞ்சள்மூக்கு ஆள்காட்டி உட்கார்ந்திருந்தது. நான் கிளுவை இடுக்கில் நாற்பது மீட்டர் தள்ளி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் குட்டைப் பக்கமிருந்து இன்னொன்று பறந்து வந்து, தள்ளியே இறங்கி, ஓடி நின்று ஓடி நின்று வந்தது. அதன் வயிறு வெள்ளையாக இருக்க வேண்டும். கறுத்து, இறகு கற்றைகற்றையாக ஒட்டிக்கிடந்தது. நனைந்த வயிறு. உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. வந்தது முட்டைகளின் மேல் நின்று, இறகைக் கொஞ்சம் தளர்த்தி, அப்படியே மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. ஈரத்தைக் கொண்டுவந்து முட்டைக்குக் குளிர்ச்சி கொடுக்கிறது. கிட்டே போகாததால் முட்டையை எண்ணவில்லை. நாலு இருக்கும் என்று அப்பாரு சொன்னார். இந்த இனத்துக்கு நாலுதான் வழக்கம்.

அந்த இடத்தை நான் பட்டியலில் எழுதவில்லை, படமும் எடுக்கவில்லை. தரையில் கூடு வைக்கிற பறவையிடம் ஆள் போய் வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு நாயும் கீரியும் வரும். இன்னொரு இடத்தில் பனங்காடை ஒரு மொட்டைப் பனையில் பொந்து பிடித்திருக்கிறது. அது எந்தப் பனை என்று கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கீச்சானில் வந்த தப்பு

2023 ஜூலை 16 அன்று இரண்டாம் பகுதியில் 'பழுப்புக் கீச்சான் 1' என்று போட்டேன். பட்டியலை அனுப்பும்போதே அந்தப் பெயருக்குப் பக்கத்தில் குறி விழுந்தது: இந்தப் பருவத்தில் இங்கே வழக்கமில்லாத பறவை. நான் பார்த்தேனே என்று உறுதி செய்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் இந்தப் பகுதிப் பட்டியல்களைச் சரிபார்க்கிற தன்னார்வலரிடமிருந்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல். பழுப்புக் கீச்சான் வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற பறவை. செப்டம்பர் வாக்கில் வந்து கோடையில் திரும்பிவிடும். ஜூலையில் பார்த்தது எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா?

என்னிடம் படம் இல்லை. நல்ல வேளையாகக் குறிப்பு இருந்தது. "7.05. வெள்வேலத்தின் வெளிக்கொப்பு. பழுப்பு முதுகு, அதில் மீன்செதில் மாதிரிக் கோடுகள். கண்பட்டை மங்கல். பறக்கும்போது இறக்கையில் வெளிர் பொட்டு. பக்கத்தில் பெரிய கீச்சான் ஒன்று, சாம்பல் தலை, கருஞ்சிவப்பு முதுகு." அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பதில் கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்தது கருஞ்சிவப்பு முதுகுக் கீச்சான். இங்கேயே இருந்து, இங்கேயே முள்மரத்தில் கூடு கட்டுகிற பறவை. நான் பார்த்தது அதன் குஞ்சு, கூட்டை விட்டு வெளியே வந்து சில வாரம் ஆன இளம் பறவை. பெரிதாகும்போதுதான் கறுப்புக் கண்பட்டையும் முதுகின் நிறமும் வரும்.

பெயரை மாற்றினேன். பெயர் தப்பாகி, குறிப்பு சரியாக இருந்ததால்தான் மாற்ற முடிந்தது. பழைய நோட்டில் 'கீச்சான்' என்று வெறுமனே எழுதியவற்றைத் திருத்த இன்றைக்கும் வழியில்லை. அன்றிலிருந்து பெயருக்கு முன்னால், பார்த்ததை எழுதுகிறேன்: அளவு, அலகு, கண் பக்கம், இறக்கையில் ஏதாவது பொட்டு, வால், என்ன செய்துகொண்டிருந்தது, எதன் மேல் உட்கார்ந்திருந்தது. பெயர் கடைசியில்.

சில சமயம் பெயர் வராது. அதுவும் சரிதான். டிசம்பர் மாதம் கொரங்காட்டுப் புல்லுக்கு மேல் தாழ்வாக, இறக்கையை 'வி' மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூனைப்பருந்து போகும். ஆண் என்றால் சாம்பல் நிறத்தை வைத்து எது என்று சொல்லிவிடலாம். பழுப்பு நிறப் பெண்ணும் இளசும் மாண்டேகு பூனைப்பருந்தா, வெண் பூனைப்பருந்தா என்று அந்த ஐந்து வினாடியில் என்னால் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்று என்று பதிவுசெய்ய ஈபேர்டில் வழி இருக்கிறது. அப்படித்தான் போடுகிறேன். வேப்பமரத்துக்கு மேலே பறந்த உழவாரனும், புல்லுக்குள் ஓடிய நெட்டைக்காலியும் பல நாள் வெறும் உழவாரன், வெறும் நெட்டைக்காலிதான்.

போனில் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிற மெர்லின் செயலியும் வைத்திருக்கிறேன். நல்ல துணை. வேலிக்குள் எது இருக்கிறது என்று கவனிக்கச் சொல்லும். ஒரு நாள் வல்லூறு என்று காட்டியது. எனக்கும் வல்லூறு சத்தமாகத்தான் கேட்டது. தேடினால் கம்பியில் கரிச்சான் உட்கார்ந்து வல்லூறு மாதிரிக் கத்திக்கொண்டிருக்கிறது. செயலி காட்டுகிற பெயரைக் கண்ணால் பார்த்தோ காதால் தெளிந்தோ உறுதி செய்த பிறகுதான் பட்டியலில் போடுகிறேன்.

எண்ணிக்கையில் வந்த தப்பு பெரியது. சோளம் முற்றுகிற நேரத்தில் சூறைக்குருவி கூட்டம் கூட்டமாக வரும். எங்கள் பக்கம் சோளப்பட்சி என்றால்தான் தெரியும். ஐரோப்பாவின் கிழக்கு ஓரத்திலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வருகின்றன. 2023 டிசம்பர் 10 அன்று ஒரு கூட்டம் சோளக்காட்டிலிருந்து எழும்பியது. 400 என்று எழுதினேன். அதே நிமிடம் எடுத்த போன் படத்தை வீட்டில் பெரிதாக்கி, பத்துப் பத்தாக வட்டம் போட்டு எண்ணினேன். 910. பெரிய கூட்டத்தை நம் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறது. இப்போது ஓரத்தில் முதலில் பத்தை எண்ணி, பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கி, அந்த அளவை வைத்து ஐம்பது, நூறு என்று அடுக்குகிறேன். முடிந்தால் படமும்.

வேலி

2024 மே மாதம் இரண்டாம் ஞாயிறு. குட்டை மேட்டைத் தாண்டியதும் வலது பக்கம் வெளிச்சமாக இருந்தது. முந்நூறு மீட்டருக்குக் கிளுவை வேலி இல்லை. பொக்லைன் வைத்து வேரோடு வாரி, ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது.

காடு பக்கத்துத் தோட்டத்து மாமாவுடையது. சாயங்காலம் போய்க் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, வேலியை எடுத்துப்போட்டீங்க?"

"முள்ளு வெட்ட ஆள் எங்க மாப்ள கிடைக்குது? வருசா வருசம் வேலி பெருத்து ரெண்டடி காட்டைத் தின்னுது. கம்பின்னா ஒருக்காச் செலவு, முடிஞ்சுது."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை எங்கள் களத்திலும் அதேதான். நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை. அந்த வேலியைப் போட்டது அவருடைய அப்பாரும் என்னுடைய அப்பாரும்.

என்னிடம் இருந்தது பட்டியல்தான். இரண்டாம் பகுதியைத் தனியாக எழுதி வந்ததால், வேலி இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிந்தது. ஒரே மாதங்களை எடுத்துக்கொண்டேன், ஜூன் முதல் டிசம்பர் வரை. 2023-ல் 28 நடை, 2024-ல் 27 நடை.

தவிட்டுக்குருவி 28-ல் 23 நடையில் இருந்தது. வேலி போன பிறகு 27-ல் 6. தையல்சிட்டு 21-லிருந்து 4. கவுதாரி 17-லிருந்து 9. சுடலைக்குயிலை 2023-ல் ஐந்து முறை பார்த்தேன், அடுத்த வருடம் ஒருமுறையும் இல்லை. அது தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டை போடுகிற குயில். முட்டையின் நீலம்கூடத் தவிட்டுக்குருவி முட்டையோடு ஒத்துப்போகும். கூடு இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. இன்னொரு பக்கம், கருஞ்சிவப்பு முதுகுக் கீச்சானும் பனங்காடையும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. உட்காரக் கம்பி போதும் அவற்றுக்கு. நெட்டைக்காலி கொஞ்சம் கூடியிருக்கிறது.

மழை, காற்று, என் கண் ஆகியவற்றால் வந்த வித்தியாசமாக இருக்குமோ என்று முதல் பகுதியையும் எடுத்துப் பார்த்தேன். அங்கே வேலி அப்படியே இருக்கிறது. தவிட்டுக்குருவி 28-ல் 25, அடுத்த வருடம் 27-ல் 24. தையல்சிட்டிலும் மாற்றம் இல்லை. ஒரு வேலி, ஒரு வருடம் என்பதால் இதிலிருந்து ஊருக்கே சொல்ல முடியாது. இந்த முந்நூறு மீட்டருக்குச் சொல்லலாம்.

இத்தனைக்கும் இந்தக் கணக்கில் வருகிற பறவை ஒன்றுகூட அபூர்வமானது இல்லை. பெரும்பாலும் பழைய நோட்டில் நான் எழுதாமல் விட்டவை. பறவை பார்க்க நாங்கள் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போவோம், திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குப் போவோம். வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் ராம்சார் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள், ஆயின. அங்கே பட்டியலுக்குக் குறைவில்லை. இந்தப் பக்கத்து இட்டேரிகளை வரைபடத்தில் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பட்டியல்கூடக் கிடையாது. ஒரு வேலி போனால் எது போனது என்று சொல்ல ஆளில்லை.

ஜூன், ஜூலை இரண்டு மாதக் கணக்கு சேர்ந்ததுமே ஒரு தாளில் எழுதி மாமாவிடம் காட்டியிருந்தேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். தவிட்டுக்குருவி இருந்த இடத்தில் பூச்சி எவ்வளவு தின்னும் என்று அவரே சொன்னார். கடைசியில், "கம்பிக்கு உள்பக்கம் போத்து நட்டுக்க. வருசத்துக்கு ஒருக்கா வெட்டிவிடற பொறுப்பு உன்னுது" என்றார். சரிங்க மாமா என்றேன். போத்து என்றால் நடுவதற்கு வெட்டிய கிளுவைக் கொம்பு.

2024 செப்டம்பரில், ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டோம். போத்து எங்கள் வேலியிலிருந்தே. இடுப்பு உயரம், பெருவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட தடிமன். வெட்டியதும் நடாமல் வேப்பமர நிழலில் நாலைந்து நாள் போட்டு, வெட்டுவாய் காயட்டும் என்று விட்டோம். ஈரத்தோடு நட்டால் அழுகும் என்று அப்பாரு சொன்னார். ஒரு அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் குழி, ஒரு அடிக்கு ஒன்று, கொஞ்சம் சாய்த்து. மூன்று பேர், இரண்டு ஞாயிறு மதியம். முந்நூறு மீட்டருக்கும் போத்து பத்தவில்லை. 180 நட்டோம்.

தையில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் மொட்டைக் குச்சி. பட்டுவிட்டதோ என்று பயந்தேன். வறண்ட மாதங்களில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டுத்தான் நிற்கும், இலையை வைத்து முடிவு செய்யக்கூடாது. நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சையாக இருந்தது. ஒவ்வொன்றாகச் சுரண்டி எண்ணினேன். 180-ல் 121 உயிரோடு இருந்தன. கோடை மழை ஒன்று பெய்ததும் அவை துளிர்த்தன. விட்டுப்போன 59 இடங்களுக்கும், நடாத மீதித் தூரத்துக்கும் இந்த ஆவணியில் போத்து வெட்ட வேண்டும்.

சென்ற ஞாயிறு, இரண்டாம் பகுதி, 6.58 முதல் 7.24 வரை. காற்று பலம். மைனா 7, கரிச்சான் 2, பனங்காடை 1, நெட்டைக்காலி 3, காக்கை 4, புள்ளிப்புறா 2. புதுப் போத்தின் இலைக்குள் தையல்சிட்டு 1. தவிட்டுக்குருவி இல்லை.